அப்பாவின் ‘டி’ பொத்தான்

எழும்பூரில் வண்டி நகர்வதற்கு முன்பே அப்பா வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மெல்லிய செப்புக் கம்பி இருபது சுற்று, அதன் மேல் கறுப்புத் துணி நாடா. எதிர் இருக்கைக்காரர் அதை ஏதோ வேண்டுதல் மாலை என்று நினைத்து மரியாதையாகக் காலை ஒதுக்கிக்கொண்டார். வளையத்திலிருந்து ஒரு வயர் என் கையிலிருந்த சோப்பு டப்பாவுக்கு வந்தது. டப்பாவின் மறுபக்கம் இன்னொரு வயர். அதன் நுனியில், பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஃபெரைட் கட்டையில் சுற்றிய காயில். அதை ஜன்னல் கம்பிக்கு அருகே பிடித்தேன். அப்பா காதுக்குப் பின்னால் கைவைத்து, செவிக்கருவியின் பொத்தானை ‘டி’ பக்கம் தள்ளினார்.

“வந்துட்டு” என்றார், பெட்டி முழுக்கக் கேட்கும் குரலில்.

அந்தப் பொத்தானுக்கு மூன்று நிலை. ‘ஓ’ என்றால் கருவி அணைந்துவிடும். ‘எம்’ என்றால் ஒலிவாங்கி வேலை செய்யும். நடுவில் இருக்கும் ‘டி’ தொலைபேசிக்கானது. அதில் ஒலிவாங்கி நின்றுவிடும்; கருவிக்குள் இருக்கும் அரிசி அளவுக் காயில் தொலைபேசிக் குமிழின் காந்தப்புலத்தை நேரடியாக வாங்கிப் பேச்சாக்கும். சுற்றுச் சத்தம் எதுவும் உள்ளே வராது. இந்த விவரமெல்லாம் வாங்கிய அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் காலை, மாட்டும்போது அப்பாவின் கட்டைவிரல் பட்டு பொத்தான் தவறிவிட்டது. உலகம் முழுக்க அமைதியாகி, ஓர் உறுமல் மட்டும் மிச்சமிருந்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். அவர் 33 வருடம் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர். தலையைச் சாய்த்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர், மீட்டர் பெட்டி என்று ஒவ்வொன்றாக நின்று கேட்டார். கடைசியில் கூடத்துச் சுவரைக் காட்டி, “இதுக்குள்ள வயர் குறுக்க போகுது. ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனா சத்தம் அமுங்கிரும். பிரிஞ்சு போற எடத்துலதான் கத்துது” என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் அருகருகே ஓடினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஒருவர் காதால் கண்டுபிடித்து அன்றுதான் பார்த்தேன். ஒலி அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த வயதில் அவர் தொழில் செய்த பொருளே அவருக்குக் கேட்க ஆரம்பித்திருந்தது. இன்னும் நன்றாகக் கேட்கும்படி ஒன்று செய்து கொடுக்க வேண்டும், அதோடு அவர் முதன்முதலில் கம்பம் ஏறிய ஊருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றியது.

இப்படிக் கேட்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். கிறிஸ்டினா குபிஷ் என்ற ஜெர்மானியக் கலைஞர் காயில் வைத்த ஹெட்போன்களை மக்கள் தலையில் மாட்டி, 2004 முதல் நகரம் நகரமாக மின் நடைகள் நடத்துகிறார். கடைவாசல் திருட்டுத் தடுப்புக் கதவும் டிராம் கம்பியும் விளம்பரப் பலகையும் அந்த நடைகளில் பாடுகின்றன. அவர் கேட்க வைத்தது காது கேட்கிறவர்களை. எனக்கு வேண்டியது காற்றில் ஒலியே ஆகாமல், புலமாக வாங்கிப் புலமாகவே அப்பாவின் கருவிக்குக் கொடுக்கும் பெட்டி.

ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. எல்.எம். 386 என்ற எட்டுக்கால் ஐசி, பத்து மைக்ரோஃபாரட் கண்டென்சர், டாட் போர்டு, ஒன்பது வோல்ட் பேட்டரிக்கான கிளிப், ஒலியளவுக்கு ஒரு வால்யூம் கன்ட்ரோல். இந்த ஐசி உள்ளே வரும் சைகையை இருபது மடங்கு பெருக்கும். ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் இடையே அந்தக் கண்டென்சரைப் பற்றவைத்தால் இருநூறு மடங்கு. காயிலுக்கு வேண்டிய நாற்பது கேஜ் கம்பியை எங்கள் தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வாங்கினேன். தலைமுடியைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். இழுத்தால் அறுந்துவிடும். அப்பா ஃபெரைட் கட்டையை உருட்ட, நான் கம்பியை விட, 1200 சுற்று. இரண்டு மாலைப்பொழுது ஆனது. நூறுக்கு ஒருமுறை காலண்டர் தாளில் கோடு போட்டார்.

முதல் சோதனையில் பெட்டி கூவியது. கழுத்து வளையம் வெளியிடும் புலத்தையே தேடும் காயில் மறுபடி வாங்கி, மறுபடி பெருக்கி, மறுபடி வளையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்பா கருவியைப் பிடுங்கிக் காதைத் தேய்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. ஒரு வாரம் அதை ஓரமாக வைத்துவிட்டேன். பிறகு ஒரு பேப்பரில் புலக்கோடுகளை வரைந்து பார்த்ததும் வழி தெரிந்தது. கழுத்து வளையம் கிடைமட்டமாக இருப்பதால் அதன் புலம் மேலும் கீழுமாக ஓடுகிறது. தேடும் காயிலைப் படுக்கை வாட்டில் பிடித்தால் அந்தப் புலம் அதற்குள் நுழையாது. படுக்க வைத்தேன். கூவல் அடங்கிவிட்டது. நிமிர்த்தினால் வரும், சாய்த்தால் போகும். கூடவே ஒலியளவுக்கு ஓர் எல்லை கட்டி, வளையத்தோடு தொடராக ஒரு பத்து ஓம் மின்தடையும் போட்டேன். இப்போது கூவினாலும் காதைத் தாக்காது.

ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. ‘டி’யில் இருக்கும்போது நான் பேசுவது அவருக்குக் கேட்காது. அதற்கு வழி அவரிடமே இருந்தது. கம்பத்தின் உச்சியில் இருப்பவருக்கும் தரையில் நிற்பவருக்கும் இடையே காற்றும் லாரிச் சத்தமும் இருக்கும். அவர் குழுவில் எல்லாம் கைச்சைகைதான். ஒரு கை மேலே போனால் லைனில் உயிர் இருக்கிறது. இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் லைன் செத்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினால் பொறு. நான் ஐந்தாறு சைகை கற்றுக்கொண்டேன். இந்தப் பயணம் முழுக்க நாங்கள் பேசியது பெரும்பாலும் அதில்தான்.

தாம்பரம் வரை அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான இந்தத் தடத்தில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. அப்போது 1500 வோல்ட் நேர்மின்சாரம். இன்று தலைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட் மாறுமின்சாரம், விநாடிக்கு நூறு முறை திசை மாறுவது. நாங்கள் ஏறியது பழைய நீலப் பெட்டி. அதன் மின்விசிறிகள் பெட்டிக்கடியில் இருக்கும் பேட்டரியின் 110 வோல்ட் நேர்மின்சாரத்தில் சுற்றுபவை. காயிலை விசிறிக்கு நேராகக் காட்டியதும் மணல் அரைப்பது போன்ற கரகரப்பு வந்தது. உள்ளே கரித்துண்டு பிரஷ் செப்புத் தகடுகளில் உரசி, தகடுக்குத் தகடு மின்னோட்டத்தை மாற்றிவிடும் சத்தம் அது. பக்கத்து இருக்கைப் பெரியவரின் பட்டன் போனுக்கு அழைப்பு வருவதற்கு ஒரு கணம் முன்பு ‘டிட்-டிட்-டிட்’ என்று அப்பாவின் கழுத்தில் அடித்தது. அந்த வகைப் போன் கோபுரத்தோடு பேசும்போது விநாடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டுத் துடிக்கும். மணி அடிப்பதற்குள் அப்பா அவரைத் திரும்பிப் பார்த்து, “ஒங்களுக்குப் போன் வருது” என்றார். பெரியவர் திகைத்துப்போய் எடுத்துப் பேசினார்.

விழுப்புரத்துக்குப் பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஜன்னலோரம் பிடித்த காயிலில் மேல்கம்பியின் உறுமல் ஒரே சீராக வரவில்லை. பத்து நிமிடம் நன்றாகக் கேட்கும். பிறகு சில விநாடி முழு மௌனம். சில விநாடி முழு மௌனம். திடீரென்று கனமாக மறுபடி வரும். வண்டியின் வேகம் மாறவில்லை. சால்டரிங் விட்டுவிட்டதோ என்று நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அப்பா உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். பொறு. அரைமணி நேரம் கேட்ட பிறகு பொத்தானை ‘எம்’முக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

“எஞ்சின் முன்னால இருக்கு, நாம பின்னால இருக்கோம். சப்ஸ்டேஷன் நமக்குப் பின்னால இருந்தா எஞ்சினுக்குப் போற கரண்டு நம்ம தலை மேலதான் போகணும். முன்னால இருந்தா அங்கிருந்து நேரா எஞ்சினுக்கு வந்துரும். நமக்கு மேல கம்பியில உயிர் இருக்கும், ஓட்டம் இருக்காது.”

ரயில் தடத்தில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு துணைமின் நிலையம் இருந்து மேல்கம்பிக்கு மின்சாரம் ஊட்டுகிறது. இரண்டு நிலையங்களின் பகுதிகளுக்கு நடுவே உயிரில்லாத சிறு துண்டு ஒன்று உண்டு. அதை எஞ்சின் மின்சாரம் வாங்காமல் உருண்டு கடக்கும். எங்களுக்குக் கேட்ட சில விநாடி மௌனம் அதுதான். அடுத்த தடவை மெலிந்திருந்த உறுமல் கனக்கத் தொடங்கியபோது, ஜன்னலுக்கு வெளியே விளக்குகளோடு ஒரு துணைமின் நிலையம் பின்னால் நகர்ந்து போனது. அப்பா ஒரு கையை மேலே தூக்கினார். உயிர் இருக்கிறது. வோல்டேஜுக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் தண்ணீர்த் தொட்டி, குழாய் என்று எத்தனையோ உவமை சொல்லியிருக்கிறேன். அந்த ராத்திரி ரயிலைப் போல ஒன்றுகூட அமையவில்லை.

திருநெல்வேலியில் இறங்கியதும் பாளையங்கோட்டை வழியாகப் போகலாம் என்றார் அப்பா. 1897-ல் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இங்கே இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கம்பங்களில் இளவயதில் வேலை பார்த்திருக்கிறார். கம்பத்தின் மேலிருந்து கீழே சைகை காட்டும்போது பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்களாம். தங்கள் மொழியை மேலே ஒருவர் தப்பும் தவறுமாகப் பேசுவது போல அவர்களுக்குத் தோன்றியிருக்கும் என்றார். ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை. தெருமுனை திரும்பும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

நகரத்தை ஒட்டிய கிருஷ்ணாபுரத்தை எல்லோரும் கோவில் சிற்பங்களுக்காக அறிவார்கள். இந்தியப் புவிகாந்தவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. காரணம், பூமியின் காந்த நடுக்கோடு இந்தத் தென்கோடியை ஒட்டிப் போகிறது. இங்கே காந்த ஊசியைச் சுதந்திரமாகத் தொங்கவிட்டால் மேலேயும் கீழேயும் சாயாமல் ஏறத்தாழ படுக்கையாகவே நிற்கும். 1963-ல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான். பகல் நேரத்தில் இந்தக் கோட்டின் மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் வானத்தில் ஓடுகிறது. கம்பி இல்லாத, கம்பம் இல்லாத ஆறு. டீக்கடை பெஞ்சில் அதை விளக்கியபோது அப்பா உடனே காயிலை வானத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். அது கேட்காது. 1831-ல் ஃபாரடே கண்ட விதிப்படி காந்தப்புலம் மாறினால்தான் காயிலில் மின்னழுத்தம் பிறக்கும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு சத்தம். வானத்து ஓட்டம் சூரியனோடு மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. ஆனால் அவர் டம்ளரை வைத்துவிட்டு வெகுநேரம் மேலே பார்த்தார். “நம்ம ஊருக்கு மேலயா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

பணகுடி பேருந்து டீசல். அதில் தீப்பொறி கிடையாது, ஆல்டர்னேட்டரின் மெல்லிய ஊளை மட்டும்தான். வழியில் எங்களை ஒட்டி நின்ற பெட்ரோல் ஆட்டோவிலிருந்து ஒவ்வொரு பொறிக்கும் ஒரு ‘டக்’ தனித்தனியாக வந்தது. நாங்குநேரி தாண்டும்போது கிழக்கே விஜயநாராயணம் பக்கம் அப்பா கைகாட்டினார். அங்கே இருக்கும் கடற்படை நிலையம் கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது. உப்புத் தண்ணீருக்குள் சில மீட்டராவது இறங்கக்கூடியவை மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள்தான் என்பதால், நானூறு மீட்டருக்கு மேல் உயரமுள்ள கோபுரங்கள் வேண்டியிருக்கின்றன. அந்த அலை 18 கிலோஹெர்ட்ஸ் அளவில் துடிக்கிறது. காற்றில் ஒலியாக இருந்திருந்தால் சின்னக் குழந்தைகளுக்குக் கேட்கக்கூடிய சுருதி. அப்பாவுக்கும் எனக்கும் எட்டாது.

ஊர் பணகுடிக்குக் கிழக்கே. மேற்கே மகேந்திரகிரி மலை, சுற்றிலும் காற்றாலைகள். அக்னி நட்சத்திரம் முடிந்த வாரம். கணவாய்க் காற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. அப்பா முதலில் போனது தெற்குத்தெரு டிரான்ஸ்பார்மருக்கு. வேலிக்கு வெளியே நின்றோம், அதற்குமேல் என்னை ஓரடி விடவில்லை. டிரான்ஸ்பார்மரை வெறும் காதால் கேட்டால் வரும் உறுமல் நூறு ஹெர்ட்ஸ். உள்ளிருக்கும் இரும்புத் தகடுகள் காந்தத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை நீண்டு சுருங்குவதால் வருவது. காயில் வாங்குவது ஐம்பது ஹெர்ட்ஸை, அதோடு அதன் மடங்குகளை. வெறும் காதுக்கு வருவதன் சரிபாதிச் சுருதி அடியில் நிற்கும். சங்கீதக்காரர்கள் இதை ஒரு ஸ்தாயி கீழே என்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பழகியவரின் இன்னொரு குரலைக் கேட்பது போல அப்பா அங்கே நின்றார். உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ராத்திரிக்காக இன்னொரு காயில் கொண்டுவந்திருந்தேன். குழந்தைகள் இடுப்பில் சுழற்றும் பிளாஸ்டிக் வளையத்தில் நூறு சுற்றுக் கம்பி. இதை மின்கம்பிகளிலிருந்து தள்ளிக் கட்டினால் மின்னலைக் கேட்கலாம். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க முயன்ற ஹைன்ரிக் பார்க்ஹௌசனுக்குப் பேச்சின் நடுவே விசில் போல இறங்கும் ஒலிகள் கேட்டன. போர்முனை வீரர்கள் அவற்றைக் குண்டு பறக்கும் சத்தம் என்றார்கள். மின்னலின் அலை பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளியில் வளைந்து மறுகோளத்தில் இறங்கும்போது வரும் ஒலி அது என்று ஓவன் ஸ்டோரி 1953-ல் விளக்கினார். காந்தக் கோடுகள் படுத்துக் கிடக்கும் எங்கள் ஊரில் அப்படி ஏறி இறங்க ஏணி கிடையாது. எங்களுக்குக் கிடைக்கக்கூடியது மின்னலின் நேரடிச் சொடுக்கு.

கிணற்றடி வேம்பில் வளையத்தைத் தொங்கவிட்டோம். ஊர்க்கம்பிகளின் உறுமல் மற்றதையெல்லாம் மூடியிருந்தது. மலைக்குப் பின்னால் மின்னல் வெட்டுவது தெரிந்தது. அப்பா கையை விரித்தார், ஒன்றுமில்லை. எட்டரை மணிவாக்கில் கரண்ட் போனது. ஊர் முழுக்க ஒரே இருட்டு. அப்பா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேற்கே காற்றாலைக் கம்பிகள் தொலைவில் முனகிக்கொண்டிருக்க, அதன் மேல் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலச் சொடுக்குகள். மலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்த அதே கணம் அப்பாவின் விரல் தொடையில் தட்டியது. இடி என் காதுக்கு வந்து சேர நாற்பது விநாடி ஆனது. ஒலிக்கு அது பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர். அவருக்கு அந்த இடி வரவேயில்லை. ஆனால் வெளிச்சமே தெரியாதபோதும் அவர் விரல் தட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் கையை நீட்டித் தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் என்று காட்டினேன். வங்காள விரிகுடாவா, அரபிக் கடலா, எந்தக் கரையில் விழுந்த மின்னலோ. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். கரண்ட் போனபோதெல்லாம் கம்பத்தில் ஏறியவர், அப்படி ஓர் இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

இருபது நிமிடத்தில் விளக்குகள் வந்தன. சொடுக்குகளை உறுமல் மூடியது. அப்பா கழுத்து வளையத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். தெற்குத்தெருவின் கடைசிப் பகுதி மட்டும் இருட்டாகவே இருந்தது. டார்ச்சை வாங்கிக்கொண்டார். காதுக்கருவியின் பொத்தான் ‘டி’யிலேயே இருந்தது. கம்பிக்கடியில் தலையைச் சாய்த்தபடி கம்பம் கம்பமாக நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஓரிடத்தில் நின்று, நான்கு எட்டு முன்னால் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தார். லைன் செத்தது.

டார்ச் வெளிச்சம் மேலே போனது. கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் ஒரு ஜம்பர் கம்பி விட்டுப்போய்க் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே வந்து நின்ற பையன்களை அவர் கையால் விலக்கித் தள்ளி நிறுத்தினார். பிறகு பொத்தானை ‘எம்’முக்கு மாற்றினார்.

“எம்மா, ஆபீசுக்குப் போன் போடு. தெற்குத்தெரு, பள்ளிக்கூடத்துல இருந்து பத்தாவது கம்பம்னு சொல்லு.”